கோபப்படச் சொன்ன டொக்டர்

“சிரியுங்கள்” என்றார் பேராசிரியை.

“ஏன்?” என்று கேட்டேன்.

“ஆராய்ச்சிக்கு.”

“ஆராய்ச்சி எண்டு சொன்னா எனக்குச் சிரிப்பு வருமே? உவவுக்கு விளங்கப்படுத்தடா.” இது குணத்துக்கு நான் தமிழில் சொன்னது.

குணம் மொழிபெயர்த்தான். என்ன சொன்னானோ தெரியாது. பேராசிரியை மேசை லாச்சியைத் திறந்து எனக்கு ஒரு மிட்டாய் தந்தார்.

ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு பல் வைத்தியக் கல்லூரி. அதன் மேல்மாடியில் சன்னல் இல்லாத சின்ன அறை. பல்லுப் பிடுங்கும் கதிரையில் நான் மல்லாந்து கிடக்கிறேன். முகமெல்லாம் நீலப் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறார்கள். கிராம்பு எண்ணெயும் ரப்பர் கையுறையும் கலந்த மணம். எதிரே முக்காலியில் பூட்டிய கமெரா. அதற்குப் பின்னால் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட உயரமான வெள்ளைக்காரப் பேராசிரியை. பக்கத்தில் என் அறைத்தோழன் குணம். எனக்கு இங்கிலீஷ் போதாதென்று கூட வந்தவன். அவனுக்கும் போதாது.

என் முகத்தின் இடது பாதி விழுந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. புருவம் ஏறாது. கண் மூடாது. வாயின் இடது மூலை நனைந்த காகிதம் மாதிரித் தொங்கும்.

அழகு போய்விட்டதென்று நான் அழவில்லை. இருந்தால்தானே போவதற்கு. ஆனால் கொழும்பில் ஒரு லொட்ஜில் சுகிர்தா என்றொரு பெண் கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்து என்னைக் கட்டுவதற்கு. நாங்கள் நேரில் கண்டதில்லை. அவளிடம் என்னுடைய ஒரேயொரு படம் இருந்தது. முழு முகத்தோடு ஸ்ரூடியோவில் எடுத்த படம்.

அவள் வந்து இறங்குமுன் என் மற்றப் பாதி திரும்புமா? எனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்தக் கதிரையில் கிடந்தேன்.

பல்லுக்குப் போய் முகத்தோடு மாட்டியது

அப்போது நான் ஒரு இத்தாலியன் ரெஸ்ரோரண்டில் சமையல்காரன். குளிர்காலம். இரண்டொரு நாளாக இடது காதுக்குப் பின்னால் குத்து. கடைவாய்ப் பல்லுத்தான் வேலை காட்டுகிறது என்று குணம் சொன்னான். கல்லூரியில் மாணவர்கள் பார்க்கும் கிளினிக்கில் நாள் எடுத்தேன்.

அந்த நாள் காலையில் தேத்தண்ணி குடித்தேன். ஒரு வாய் உள்ளே போனது. மற்ற வாய் சட்டையில் போனது.

“மச்சான், உன்ரை வாய் ஒரு பக்கம் போயிட்டுதடா!” குணம் கத்தினான். “உது வாதம். என்ரை பெரியம்மாவுக்கும் உப்பிடித்தான் துவங்கினது. கொஞ்ச நாளிலை ஆள் முடிஞ்சுது.”

நோயாளிக்கு ஆறுதல் சொல்வதில் எங்கள் சனத்தை யாரும் வெல்ல முடியாது.

நாள் கிடைப்பதே கஷ்டம். செத்தாலும் பல்லைக் காட்டிவிட்டுச் சாவோம் என்று போனேன்.

ஒரு மாணவன் ஒவ்வொரு பல்லாகத் தட்டினான். எல்லாம் நல்ல பல்லு. பிறகு என் முகத்தைப் பார்த்து யோசித்தான். புருவத்தை உயர்த்தச் சொன்னான். வலது ஏறியது. இடது அசையவில்லை. அவன் ஓடிப்போய்ப் பேராசிரியையைக் கூட்டிவந்தான்.

அந்த மனுசியின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் மறக்கமாட்டேன். லொத்தர் விழுந்தவர்கள்கூட அப்படிப் பூரிப்பதில்லை.

“மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும்” என்றார். “உங்களுக்கு நெற்றியும் சேர்ந்து விழுந்திருக்கிறது. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது. நல்ல செய்தி.”

பாதி முகம் செத்ததை நல்ல செய்தி என்ற முதல் ஆள் அவர்தான். இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வடிவாகச் சோதிக்கவைத்தார். குளிசை கிடைத்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து. படுக்கும்போது கண்ணை மூடி ஒட்ட ரேப்.

இப்படி முகம் விழுந்தவர்களில் யாருக்கு முழுதாகத் திரும்பும், யாருக்கு மிச்சம் நிற்கும், அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒவ்வொரு தடவையும் படம் எடுப்பார். புள்ளிக்குப் புள்ளி அளப்பார். காதடியில் சின்னதாகக் கரண்ட் அடித்து, இரண்டு பக்கமும் எவ்வளவு துடிக்கிறது என்று மெஷினில் பார்ப்பார். சூட்டுச் சட்டியில் போட்ட இரால் மாதிரி முகம் துள்ளும். நான் சேர்ந்தேன்.

உப்பும் தூசணமும்

முகம் விழுந்தால் நாக்கின் பாதி ருசியும் போய்விடும். எனக்கு அது தெரியாது. தக்காளிச் சோஸில் உப்புப் போட்டு ருசி பார்த்தேன். காணாது. இன்னும் போட்டேன். அன்று சாப்பிட வந்த சனம் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பியது. தலைமைச் சமையல்காரன் என்மேல் கத்தினான்.

திருப்பித் திட்ட வாயைத் திறந்தேன். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. உதடு கூடினால்தான் வருகிற எழுத்துகள் எல்லாம் காற்றாகப் போயின. தமிழில் உருப்படியான தூசணத்தில் பாதி உதட்டில் பிறக்கிறது. அந்தப் பாதியும் போய்விட்டது.

அதைவிடக் கொடுமை, நான் முறைத்தால் வலது பக்கம் மட்டும் இழுபட்டது. பார்க்கிறவர்களுக்கு நான் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பதாகத் தெரிந்தது. தலைமைச் சமையல்காரன் சாந்தமாகி என் தோளில் தட்டிவிட்டுப் போனான். எங்கள் கட்டடத்து லிஃப்டில் என்னைக் கண்டால் பதுங்குகிற பொடியள் வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கோபக்காரன் என்று எவ்வளவு காலம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர் அது.

பத்திரிகையில் எழுதிவரும் இந்தத் தொடரில் நான் எல்லோரையும் திட்டுவதாக ஒரு வாசகர் கோபித்து எழுதியிருந்தார். திட்ட முடியாமல் ஒரு குளிர்காலம் இருந்து பாருங்கள் ஐயா. பிறகு எழுதுங்கள்.

சாவீட்டு அல்பம்

மிட்டாய்க்கு வருவோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தாலும் பிரயோசனமில்லை. முகம் திரும்புகிறதா என்று பார்க்க, அது முன்பு எப்படி இருந்தது என்று தெரியவேண்டும்.

“பரவாயில்லை. நீங்கள் சிரித்தபடி எடுத்த பழைய படம் ஒன்று கொண்டுவாருங்கள்” என்றார் பேராசிரியை.

நான் யோசித்தேன். குணமும் யோசித்தான்.

“அப்பிடி ஒண்டும் இல்லை” என்றேன்.

“ஒன்றுகூடவா?”

அடுத்த தடவை, மோர்னிங்சைட்டில் இருக்கிற என் அக்காவின் வீட்டு அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். பேராசிரியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அக்காவின் கலியாணம். மாலையோடு மாப்பிள்ளை, பட்டுச்சேலையில் அக்கா, சுற்றிவர நாங்கள் எல்லோரும். ஒருவருடைய பல்லும் வெளியே தெரியவில்லை.

பேராசிரியை குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இறந்தவர் யார்?”

“கலியாணம்” என்றேன்.

மனுசி அல்பத்தை மூடிவைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய ஆராய்ச்சியில் என்னைத் தவிர வேறு தமிழரும் சிலர் இருந்தார்கள். எல்லோரும் இப்படித்தான் அல்பம் கொண்டுவந்தார்களாம். கமெராவுக்கு முன்னால் சிரித்தால் மரியாதை கெட்டுவிடும் என்று வளர்ந்த சனம் நாங்கள். பல்லுத் தெரிந்தால் ஸ்ரூடியோக்காரனே திருப்பி எடுப்பான். ஒரு இனத்துக்கே பழைய சிரிப்பு இல்லாமல் போகும் என்று ஆராய்ச்சி துவங்கும்போது அவருக்கு யார் சொல்வது?

கடைசியில் குணத்தைக் கேட்டார். “நீங்கள் ஒரே அறையில் இருப்பவர். இவர் சிரித்தால் எப்படி இருக்கும்?”

குணம் நெஞ்சில் கை வைத்தான். “டொக்டர், சத்தியமா நான் காணேல்லை.”

வீடியோவில் அகப்பட்டது

வழி கண்டுபிடித்ததும் குணம்தான். அவனுடைய மச்சாளின் கலியாண வீடியோ. ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. படத்துக்குத்தானே விறைத்துக்கொண்டு நிற்போம், வீடியோக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு மேசைக்கு வருவான் என்பது அவன் கணக்கு.

கல்லூரியில் ரீவி வைத்து, வீடியோ போட்டு, மாணவர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். தாலி கட்டு முடிந்தது. பந்தி வந்தது. அங்கே நான். சிரிக்கவில்லை. வடை முடிந்துவிட்டது என்று சொன்ன சாப்பாட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய் முழுதாகத் திறந்து, இரண்டு புருவமும் ஏறி, கழுத்து நரம்பு தெரிய.

“நிறுத்து!” என்று பேராசிரியை கத்தினார். ரீவிக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியில் அடிமட்டத்தை வைத்து அளந்தார். “இரண்டு பக்கமும் அப்படியே சமம். எவ்வளவு அழகான கோபம்!”

என் கோபத்தை அழகென்று சொன்ன ஒரே பெண் அவர். என் மனைவிகூட இதுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மற்றவர்களைச் சிரிக்கச் சொன்ன இடத்தில் என்னை மட்டும் “கோபப்படுங்கள்” என்பார். நான் வடைக்காரனைத் திட்டுவேன். அவன் அலுத்தபின் தலைமைச் சமையல்காரனை. பிறகு விசா ஒபிஸை, பனியை, குணத்தை. ஒருநாள் பேராசிரியையையே திட்டினேன். “அருமை, இன்னும் கொஞ்சம்” என்றார். குணம் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

பனி கரையத் தொடங்கியபோது இடது மூலையில் ஒரு துடிப்பு வந்தது. உதடு கூடியது. அன்று வெளியே வந்த முதல் தூசணத்துக்கு மாணவர்கள் கைதட்டினார்கள்.

பேராசிரியை தட்டவில்லை. மெஷின் கக்கிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்.

“அசைவு திரும்பும். ஆனால் உங்கள் நரம்பு ஆரம்பத்தில் கனக்கப் பழுதாகிவிட்டது. திரும்ப வளரும்போது சில இழை வழி மாறிப் போகும் என்று நினைக்கிறேன். வாய்க்குப் போகவேண்டியது கண்ணுக்குப் போகும். நீங்கள் சிரித்தால் இடது கண் மூடிக்கொள்ளலாம். இது என்னுடைய கணிப்பு. பிழையாகவும் போகலாம்.”

“மொன்றியலுக்கு வெளிக்கிட்டவன் ஒஷாவாவிலை இறங்கின மாதிரி” என்று குணம் விளங்கப்படுத்தினான்.

“அது எப்ப தெரியும்?”

“சில மாதங்களில்.”

விசாவும் சில மாதங்களில் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் விசா கெதியாய் வரவேண்டும் என்று கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். பிந்தவேண்டும் என்று செய்த ஒரே தமிழன் நான்தான். ஐயர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார்.

தேத்தண்ணி மட்டும்

அக்காவின் கட்டளை தெளிவானது. “தம்பி, ஒருதரிட்டையும் மூச்சு விடாதை. கலியாணப் புறோக்கருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

“அவளுக்குச் சொல்லத்தானே வேணும், அக்கா?”

“தாலி கட்டினாப்பிறகு சொல்லு.”

“தாலி கட்டேக்கை பாக்கமாட்டாளோ?”

“குனிஞ்சுகொண்டுதானே இருப்பாள்.”

அக்கா இப்படித்தான். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பார்.

இதெல்லாம் என் உதடு கூடத் தொடங்குமுன் நடந்த கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். மாதக்கணக்கில் சாட்டுச் சொல்லித் தப்ப முடியாது. பின்னால் சனத்தின் இரைச்சல். சுகிர்தா வந்தாள்.

“ஏன் உங்கடை கதை ஒரு மாதிரி இழுபடுது?” என்று கேட்டாள்.

“லைன் சரியில்லை.”

“லைன் நல்ல வடிவாக் கேக்குது. நீங்கள் குடிச்சிருக்கிறியளோ?”

“நான் தேத்தண்ணியைத் தவிர ஒண்டும் குடிக்கிறேல்லை. அதுவும் இப்ப பாதி வெளியிலை போகுது.”

“என்னது?”

சொல்லிவிட்டேன். பல்லு, புருவம், கண்ணில் ஒட்டும் ரேப், உப்பு, எல்லாம். பொய் சொல்ல முகம் வேண்டும். எனக்கு அப்போது பாதிதான் இருந்தது.

“படம் அனுப்புங்கோ” என்றாள். “இப்ப எடுத்த படம்.”

என்னிடம் இருந்தவை பேராசிரியை எடுத்தவை மட்டும்தான். கேட்டதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு முழுத் தொகுதியையும் தந்தார். நல்லதாக ஒன்றைப் பொறுக்கி அனுப்பியிருக்கலாம். எனக்கு அந்த மூளை இல்லை. அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன். புருவம் தூக்கியது, மூக்குச் சுளித்தது, கன்னம் ஊதியது, விசிலடிக்கப் பார்த்தது, கோபப்பட்டது. எல்லாவற்றிலும் முகம் நிறைய நீலப் புள்ளி.

அக்கா அறிந்து தலையில் அடித்துக்கொண்டார். “பேயா! உதைப் பாத்தா எந்தப் பெட்டை பிளேன் ஏறுவாள்?”

சில கிழமை கழித்துப் போன் எடுத்தேன்.

“படம் வந்தது” என்றாள் சுகிர்தா. “லொட்ஜிலை எல்லாரும் பாத்தவை. மேல்மாடி ஆக்களும் வந்து பாத்தவை. உதென்ன முகத்திலை புள்ளி, அம்மாள் வருத்தமோ எண்டு கேட்டவை.”

“அது பேனா.”

“ஓம், சொன்னனான்.”

“அப்ப நீர் என்ன சொல்லுறீர்?”

“விசா வரட்டும். வந்து நேரிலை பாத்துத்தான் சொல்லுவன். சரிவராட்டி ஒஷாவாவிலை எங்கடை பெரியப்பா இருக்கிறார். அவரோடை போயிடுவன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நேராகப் பேசுகிற ஒருத்தியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

இரண்டு கார்

விசா கோடையில் வந்தது. ஐயரின் அர்ச்சனை பாதிதான் வேலை செய்தது.

அதற்குள் முகம் திரும்பியிருந்தது. சும்மா இருந்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. சோஸில் உப்புச் சரி. திட்டும் சரி. ஆனால் பேராசிரியையின் கணிப்பும் சரி. வாய் சிரிப்புக்கு விரிந்தால் இடது கண் தானாக மூடியது. முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்துக் கண்ணடிக்கிற காவாலி மாதிரி. அதை நானே கண்ணாடியில் சிரித்துச் சிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். குணம் அறைக் கதவைத் திறந்துவிட்டு, திரும்பச் சாத்திக்கொண்டு போனான்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். “சிரிக்காதை. சும்மா உம்மெண்டு நில். உனக்கு அது பழக்கம்தானே.”

ஆட்கள் வெளியே வரும் கதவடியில் ஒஷாவாப் பெரியப்பா எங்களுக்கு முன்பே வந்து நின்றார். கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தலையாட்டினார். பகையுமில்லை, உறவுமில்லை. வண்டி பிடிக்க வந்த ஆள் மாதிரி.

கதவு திறந்து திறந்து மூடியது. தரையில் தடவிய கிருமிநாசினி மணம். யாரோ ஒருவரின் பூச்செண்டில் இருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு சுகிர்தா வந்தாள். கொதிக்கிற கோடையில் தடித்த சுவெற்றர் போட்டு, பெட்டி அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு. வாய் இறுக்கி மூடியிருந்தது. புறோக்கர் எனக்குக் காட்டிய அவளுடைய ஸ்ரூடியோப் படத்தில் இருந்த அதே முகம்.

வண்டியை எனக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே நிறுத்தினாள். என்னிடம் வந்தாள். முதலில் இடது பக்கம் பார்த்தாள். பிறகு வலது பக்கம். பேராசிரியைகூட அவ்வளவு வடிவாகப் பார்த்ததில்லை.

“சிரியுங்கோ பாப்பம்” என்றாள், உதட்டை அதிகம் திறக்காமல்.

அக்காவின் நகம் என் கையில் இறங்கியது.

“இத்தினை சனத்துக்கு முன்னாலையோ?”

“அப்ப நான் முதல்.”

தூண் பக்கம் திரும்பினாள். கைக்குட்டையை வாயில் வைத்து என்னவோ செய்தாள். திரும்பினாள். சிரித்தாள்.

மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. கைக்குட்டைக்குள் கட்டுப்பல் இருந்தது.

“சைக்கிளிலை போகேக்கை குண்டு போடுற பொம்மர் வந்தது. குப்புற விழுந்து படுத்தனான். றோட்டு பல்லை எடுத்துப்போட்டுது” என்றாள். ஓட்டையால் காற்றும் சேர்ந்து வந்தது.

“ஐயையோ!” என்றார் அக்கா. “புறோக்கர் உதை எங்களுக்குச் சொல்லேல்லையே!”

“உங்கடை தம்பியின்ரை முகத்தையும் புறோக்கர் எங்களுக்குச் சொல்லேல்லை, அக்கா. உவர்தான் சொன்னவர்.”

பெரியப்பா திறப்பைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

“பிள்ளை, அப்ப பெட்டியை எந்தக் காரிலை ஏத்துறது?”

சுகிர்தா அவர் பக்கம் திரும்பவில்லை. பல்லை ஒளிக்கவுமில்லை. கைக்குட்டை பிடித்த கையால் என்னைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடித்துவைக்க முடியவில்லை. வந்ததும் இடது கண் மூடிக்கொண்டது. அதனால் அவள் சிரித்ததன் மிச்சத்தை நான் வலது கண்ணால் மட்டும்தான் பார்த்தேன்.